ஒட்டுப்பாலுக்குள் கல்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு ஊரில் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்வது கௌரவம். போன மழைக்காலத்தில் என் வயிற்றுக்குள் கனமான ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது என்று நம்பினேன். சும்மா சந்தேகப்படவில்லை, கணக்குப் போட்டு நம்பினேன். இடுப்பின் சுற்றளவு குறைந்துகொண்டே வருகிறது. எடை அப்படியே நிற்கிறது. அப்படியானால் வெளியே போன கொழுப்பின் கனத்துக்கு ஈடாக உள்ளே ஒன்று வந்து குடியேறியிருக்க வேண்டும். அளவில் சிறியது, கனத்தில் பெரியது. அதன் பெயர் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "மத்த தீனம்", அதாவது அந்த இன்னொரு நோய், என்று குரலைத் தாழ்த்துவார்கள்.

பாறசாலைக்கும் செங்கலுக்கும் நடுவில் ஒரு முக்கில் எனக்கு போர்டு அடிக்கிற கடை. பிளக்ஸ் கூடாது என்று உத்தரவு வந்த பிறகு துணியில்தான் அச்சடிக்கிறோம்; ஆனாலும் ஊருக்கு அது பிளக்ஸ்கடைதான். கோயில் உத்சவம் வரும், சபைக் கன்வென்ஷன் வரும், எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளையின் படம் வரும். ஆனால் வருடம் முழுக்க வற்றாமல் வருவது சாவுதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் போய்ச் சேர்ந்தால், உடம்பைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் முக்கில் அவர் படம் போட்ட போர்டு நின்றாக வேண்டும். மேலே 'கண்ணீர் பிரணாமம்', நடுவில் சிரித்த முகம், கீழே அவர் சேர்ந்திருந்த ஆட்டோ ஸ்டாண்டு அல்லது கிளப்பின் பெயர்.

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த கெட்ட அறிவு ஒன்று உண்டு. நோயில் கிடந்து போனவர்களின் வீட்டார் கொண்டுவருகிற படம் எப்போதும் பழையது. கன்னம் உப்பி, கழுத்தில் மடிப்பு விழுந்த காலத்துப் படம். கடைசி வருடத்துப் படத்தை யாரும் தருவதில்லை.

எங்கள் முக்கில் டீக்கடை வைத்திருந்தவர் அப்படித்தான் போனார். நல்ல பருத்த ஆள். திடீரென்று மெலிய ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் பாராட்டினோம். அதில் நான்தான் முன்னணி. "சினிமாவுல சேரப் போறீரா ஓய்" என்று கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே, ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பிறகு கடை திறக்காத நாட்கள் கூடின. பிறகு அவர் மகள் ஒரு படத்தோடு என் கடைக்கு வந்தாள். அதில் அவர் பருமனாக, பேரப்பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார். குழந்தையை நான் கம்ப்யூட்டரில் அழித்தேன். அழித்த பிறகும் அந்தக் கை மட்டும் எதையோ தாங்குவது போல வளைந்தே நின்றது. அதை மறைக்க ஒரு ரோஜாப்பூவை எடுத்து ஒட்டினேன்.

இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கிறவன் மெலியவே கூடாது. ஆனால் என்னை மெலியச் சொல்லிவிட்டார்கள்.

சொன்னது எங்கள் ஊர் ஆரோக்கிய மையத்து சிஸ்டர். ரத்தம் எடுத்துப் பார்த்து, சுகர் வரப்போகிற வாசலில் நிற்கிறது, வயிற்றைக் குறைக்கவேண்டும் என்றார். அன்றைக்கே உற்சாகமாக எடை பார்க்கப் போனேன். எடை பார்க்க எங்கள் முக்கில் இருக்கிற ஒரே இடம் ரப்பர் ஷீட்டை எடை போட்டு வாங்குகிற கடை. தராசுத் தட்டில் நான் ஏறி நின்றேன். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஷீட்டின் எடையைச் சொல்வது போலவே, ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"எண்பத்தாறு! நல்ல கனமுள்ள ஷீட்டு. ஈரம் உண்டு, ரெண்டு கிலோ கழிச்சு எழுதட்டா ஓய்?"

ஷீட்டு விற்க வந்த ஒருவர் உள்ளேயிருந்து, "இது ஷீட்டா? ஒட்டுப்பாலுக்க கூட்டத்துல போடும்," என்றார்.

ஒட்டுப்பால் என்பது ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கிடக்கிற மிச்சப் பால். பிய்த்து உருட்டிக் கொண்டுவருவார்கள். ஷீட்டைவிட விலை குறைவு. அழுக்கு உருண்டை, அதோடு நாறும். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. அடுத்த தடவை சிஸ்டரிடம் போய் இந்த அவமானத்தைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"வெயிட்டு நோக்கண்டா சேட்டா. டேப்பு பிடிச்சு அளந்தா மதி," என்றார். எடை பார்க்க வேண்டாம், டேப்பால் அளந்தால் போதுமாம்: வாரத்துக்கு ஒருநாள், காலையில் வெறும்வயிற்றில், தொப்புளுக்கு நேராகச் சுற்றளவு. கூடவே மேல்கை, தொடை. தராசு பொய் சொன்னாலும் டேப் சொல்லாது என்றார். அந்தப் பேச்சை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பின்னால் வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான்.

கடையில் போர்டு அளக்கிற ஸ்டீல் டேப் இருந்தது. அதை வைத்து முதலில் முயன்றேன். சுற்றிக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அது கையை விட்டுச் சர்ரென்று சுருண்டு, போகிற போக்கில் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு கடி கடித்துவிட்டுப் போனது. ஆனால் அளவு கிடைத்தது. மூன்றரை அடி. சின்ன சைஸ் அஞ்சலி போர்டைவிட அரை அடி நீளம். தொழில்காரனுக்கு அப்படித்தான் தோன்றும்.

பிறகு மனைவியின் தையல் மிஷின் மேசை இழுப்பில் கிடந்த பழைய துணி டேப்பை எடுத்துக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. அளந்ததை எங்கேயும் எழுதவும் இல்லை. டேப்பிலேயே மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். இடுப்புக்கு நீலம், கைக்குச் சிவப்பு, தொடைக்குப் பச்சை. அளந்து முடித்ததும் சுருட்டி இழுப்பிலேயே வைத்துவிடுவேன். பெரிய ரகசிய வேலை செய்கிற நினைப்பு எனக்கு.

சாயங்காலப் பரோட்டாவை நிறுத்தினேன். சோற்றைப் பாதியாக்கினேன். மரச்சீனிக் கிழங்கைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மீறினேன். அதே சமயத்தில், எங்கள் கடையில் போர்டு கட்டுகிற ஆள் விசா வந்து வளைகுடாவுக்குப் போய்விட்டான். புது ஆள் கிடைக்கவில்லை. என் கடையில் அச்சு மிஷின் ஓட்டுவது மனைவியின் தம்பி. அவனும் நானுமாகக் கமுகுச் சட்டங்களைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினோம், இறக்கினோம், ஏணியில் ஏறிக் கட்டினோம். பெருங்கடவிளை வரைக்கும் போனோம், ஒரு தடவை கள்ளிக்காடு அணைப் பக்கம்கூட. மச்சினனுக்கு உயரம் என்றால் தலை சுற்றும், அதனால் ஏணி என் பங்கு.

நீலக் கோடுகள் ஒவ்வொன்றாக உள்ளே நகர்ந்தன. நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்றரை, நாற்பத்தொன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பதும், மனைவி வந்தால் தலை சீவுவதுமாகக் கொஞ்ச காலம் சுகமாகப் போயிற்று.

அப்புறம் ஊர் பார்த்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒருவன் மெலிந்தால், பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "ஷீணிச்சுப் போச்சே! சுகர் உண்டா?" என்பதுதான். உண்டு என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. அவருக்கும் உண்டு, அவர் அண்ணனுக்கும் உண்டு, பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இல்லை என்று சொன்னால்தான் கஷ்டம். "ஓ," என்பார். அவ்வளவுதான். அந்த 'ஓ'வுக்குப் பிறகு ஒன்றும் கேட்க மாட்டார். தோளில் கை வைத்துவிட்டு, "செரி, பாத்து இரும்," என்று போவார். சபையில், பஸ்ஸில், மீன்காரரிடம் என்று அந்த 'ஓ' என்னைத் துரத்த ஆரம்பித்தது. நான்தான் உணவைக் குறைத்தேன், நான்தான் மெலிகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். டீக்கடைக்காரரும் அதைத்தான் சொன்னார் என்பது எனக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

சரி, எடையும் குறைந்திருந்தால் ஒழுங்காகக் குறைகிறது என்று ஆகும் அல்லவா? மனதைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி ரப்பர் கடைத் தராசில் போய் ஏறினேன். கடைக்காரர் குனிந்து பார்த்தார். என்னை ஒருதடவை மேலும் கீழும் பார்த்தார். இந்த முறை கத்தவில்லை.

"எண்பத்தாறு."

"செரியாப் பாரும்," என்றேன்.

"எனக்க தராசு பொய் சொல்லாது. ஆளு மெலிஞ்சாச்சு, கனம் கொறயல்ல." பிறகு கண்ணைச் சிமிட்டினார். "உள்ள என்னத்த வச்சிருக்கீரு ஓய்? ஒட்டுப்பாலுக்கு உள்ள கல்லு வச்சு உருட்டிக் கொண்டு வாறவன் உண்டு. கண்டா சின்ன உருண்டை, தூக்குனா கனம். வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்புதான் எல்லோருடையதையும்விடச் சத்தமாக இருந்தது.

வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அன்றைக்குப் பூராவும் காதில் அதுதான். என் தொழில் புத்தியும் அதற்கு ஒத்து ஊதியது. துணியோ பிளக்ஸோ, சைஸைக் குறைத்தால் எடை குறைந்தே தீரும். ஒரே சரக்காக இருந்தால் அந்தக் கணக்கு மாறாது. சைஸ் குறைந்து எடை நிற்கிறது என்றால் சரக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். வேறு எதையோ உள்ளே சேர்த்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் டேப்பை எடுத்தேன். இடுப்பு இன்னும் ஒரு அரை அங்குலம் உள்ளே போயிருந்தது. அப்போதுதான், அதுவரைக்கும் பெரிதாகக் கவனிக்காத சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். அது எதிர்ப்பக்கமாக நகர்ந்திருந்தது. மேல்கை பெருத்திருந்தது. பச்சைக் கோடும் அப்படியே, தொடையும் பெருத்திருந்தது. வயிறு குறைகிறது, கையும் காலும் வீங்குகின்றன. நீர்! உடம்பில் நீர் வைத்துவிட்டது!

இந்த இடத்தில் உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். தினமும் ஏணி ஏறிச் சட்டம் தூக்குகிறவனுக்குக் கையும் தொடையும் பெருக்காமல் என்ன செய்யும் என்று ஒரு சிறுபிள்ளைகூடச் சொல்லிவிடும். எனக்குப் புரியவில்லை. பயந்தவனுக்கு மூளை கால்வாசிதான் வேலை செய்யும், அந்தக் கால்வாசியும் பயத்துக்குச் சாட்சி தேடுவதிலேயே போய்விடும். அன்றைக்கும் நான் ஜீப்பில் சட்டம் ஏற்றினேன். அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டே, எனக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று யோசித்தேன்.

வயிற்றை அழுத்திப் பார்க்கிற பழக்கம் வந்தது. மிஷின் ஓடாத நேரமெல்லாம் சட்டைக்குள் கையை விட்டு அங்கே இங்கே அமுக்குவேன். ஒருநாள் மத்தியானம் சிக்கிவிட்டது. நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே, நட்ட நடுவில், அசையாத, கடினமான ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பிறகு மச்சினனைக் கூப்பிட்டேன்.

"எலே மக்கா, இஞ்ச வா. சட்டையைப் பொக்கு."

"எதுக்கு அத்தான்?"

"பொக்குண்ணு சொன்னா பொக்கு."

அவன் பயந்துபோய்ச் சட்டையைத் தூக்கினான். நான் விரலால் அமுக்கினேன். அதே இடம், அதே கடினம்.

"அய்யோ, நோவுது! அது எலும்பாக்கும் அத்தான். எல்லாருக்கும் உண்டு."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன் நான். ஆனால் என் மனதில் முதலில் வந்தது, பாவம், இவனுக்கும் வந்துவிட்டதே என்பதுதான். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண்பிள்ளைகள். அவன் சட்டையை இறக்கிக்கொண்டு, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தபடியே மிஷின் பக்கம் போனான்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம் அல்லவா? போக மாட்டேன். போகாத வரைக்கும் அது சந்தேகம்தான். போய்விட்டால் பெயர் வைத்துவிடுவார்கள். போனில் தேடிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் போன் என்னை விடவில்லை. பாட்டுக் கேட்கத் திறந்தாலும் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரி, 'நம்பிக்கையோடு வாருங்கள்' என்று கைகூப்பி நின்றது. மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் சபையில் ஜெபக்குறிப்பு கொடுப்பாள். எங்கள் சபையில் ஜெபக்குறிப்பு கொடுத்தால் தேவன் கேட்கிறாரோ இல்லையோ, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் ஊர் முழுக்கக் கேட்டுவிடும். பிறகு எல்லோரும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். ஆப்பிளோடு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்காருகிறவர்களை நினைத்தாலே எனக்கு அடிவயிறு கலங்கியது. அடிவயிறு கலங்கியதும், ஓ, அங்கேயும் பரவிவிட்டது என்று தோன்றியது.

வீட்டில் மட்டும் நான் பழையபடி கோமாளிதான். "எட்டி, நான் செத்துப்போனா என்னத்த செய்வ?" என்று சாப்பிடும்போது வேடிக்கையாகக் கேட்டேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "சோறு மிச்சமாவும்," என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

ஆடி மாதத்து மழை ஒருநாள் காலையிலிருந்து விடாமல் கொட்டியது. கடைக்கு ஒரு ஆள் வரவில்லை. மச்சினன் மை வாங்க நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தான். சும்மா இருந்த கை என்ன செய்ததென்றால், கம்ப்யூட்டரில் ஒரு புதுப் போர்டைத் திறந்தது. மேலே 'கண்ணீர் பிரணாமம்'. பிறகு படம் தேடினேன். தேடத் தேடத்தான் தெரிந்தது, ஊரில் எல்லோருக்கும் படம் அழகுபடுத்திக் கொடுக்கிற எனக்கு ஒரு நல்ல படம் இல்லை. ஒன்றில் கண்ணை மூடியிருந்தேன். இன்னொன்றில் வாய் நிறைய பிரியாணி. கடைசியில் மச்சினன் கல்யாணத்தில் எடுத்தது கிடைத்தது. சந்தனக் கலர் சட்டை, உப்பிய கன்னம், கழுத்தில் மடிப்பு. பழைய படம்.

அதை எடுத்து நடுவில் வைத்தேன். பக்கத்தில் நின்றவர்களை அழித்தேன். என் வலப்பக்கத்தில் தோளை ஒட்டி நின்றது மனைவி. அவளை அழிக்கும்போது கை நின்றுவிட்டது. டீக்கடைக்காரரின் வளைந்த கை ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் என் பயத்தில் ஒரு சின்னக் குஷியும் கலந்திருந்தது என்று நினைக்கிறேன். எல்லோரும் என்னைப் பற்றிப் பேசுவார்கள், அழுவார்கள் என்கிற மாதிரி. அந்த நிமிஷத்தில் அது போய்விட்டது. வெறும் பயம் மட்டும் மிச்சம். மழைச் சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. மூடவும் தோன்றாமல் அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் குடை மடக்குகிற சத்தம் கேட்டது.

"அத்தான், இதாரு?" மச்சினன்தான்.

"சாம்பிளாக்கும்," என்றேன்.

"சாம்பிளுக்கு ஒங்க படமா கிட்டுச்சு?"

"கூலி கேக்காத மாடல் வேற ஆருலே உண்டு?"

அவன் சிரிக்கவில்லை. மை டப்பாவைக் கீழே வைத்தான். திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். தொழில்காரன் அல்லவா, "செவப்பு கூடிப் போச்சு, பிரிண்டுல முகம் கறுத்து வரும்," என்றான். அப்புறம்தான் அவனுக்கு அழுகை வந்தது. "என்ன அத்தான்? என்ன தீனம்? ஆஸ்பத்திரியில என்ன பறஞ்சாவ?"

"ஆஸ்பத்திரிக்குப் போகல்ல மக்கா."

"பின்ன ஆரு சொன்னா?"

டேப் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ரப்பர் கடைக்காரர் என்று சொல்ல அதைவிட வெட்கம். "எனக்கே தெரியும்," என்றேன். அவன் ஃபைலை அழித்தான். அழித்துவிட்டு, நனைந்த குடையை எடுத்துக்கொண்டு நேராக அக்காளிடம் போனான்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது மனைவி வெளியே போகிற சேலையில் இருந்தாள். சாயா இல்லை. அடுப்பே மூட்டவில்லை.

"எறங்குங்க. வெறும்வயத்துல போவணும்."

"எங்க?"

"நெய்யாற்றின்கரைக்கு. ஸ்கேன் எடுக்க. தம்பி போன் விளிச்சு கேட்டாச்சு."

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

"ஒண்ணும் இல்லாதவன் தனக்குத்தானே போர்டு அடிப்பானா?"

ஆட்டோவில் நான் இரண்டு ஜோக் சொன்னேன். இரண்டுக்கும் ஆட்டோக்காரன் மட்டும் சிரித்தான். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். முதலில் எடை பார்த்தார்கள், எண்பத்தைந்து. டாக்டர் என் கையைப் பிடித்து, மேல்கையில் விரலால் அழுத்தினார். காலிலும் அழுத்தினார். அழுத்திய இடத்தில் குழி விழுகிறதா என்று பார்த்தார்.

"சேட்டனுக்கு எந்தா ஜோலி?"

சொன்னேன். கடை, செய்கிற வேலை, கமுகுச் சட்டம், ஏணி, ஜீப், ஆள் கிடைக்காத கதை எல்லாம். அவர் தலையை ஆட்டினார். இது நீர் இல்லை, மசில் என்றார். கொழுப்பு குறைந்து மசில் கூடினால் எடை இறங்காமலே இடுப்பு குறையும் என்று மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன், ஒன்றையும் நம்பவில்லை. உள்ளே இருப்பதைப் பார்க்காமல் இவருக்கு எப்படித் தெரியும்? என் முகத்தைப் பார்த்து அவருக்கே புரிந்திருக்க வேண்டும். "எதாயாலும் ஸ்கேன் எடுக்காம்," என்று ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனுக்கு முன்னால் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். காத்திருக்கிற பெஞ்சில் பாட்டிலோடு உட்கார்ந்தேன். மனைவி பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அந்தச் சுவரிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"எனக்க டேப்புல கோடு போட்டா எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தண்ணீர் புரையேறியது.

"ஒவ்வொரு தடவையும் பாத்தேன். நீலம் உள்ள போவுது, செவப்பு வெளிய வருது. என்ன கோடுண்ணு முதல்ல மனசிலாவல்ல. நீங்க குளிக்கப் போனப்ப ஒங்க சட்டைக்க கையில வச்சு அளந்து பாத்தேன். அப்பளே மனசிலாச்சு, வயறு கொறயுது, கை வீங்குதுண்ணு."

"கேக்கப்படாதா நீ?"

"எனக்குப் பேடியா இருந்து." அந்தப் பயத்தைச் சொல்லிவிட்டு மடியிலிருந்த பையை நேராக வைத்தாள். "எல்லாரும் எனக்க கிட்டயும் கேட்டாவ, 'அவரு என்ன ஷீணிச்சுப் போனாரு'ண்ணு. சட்டை தொளதொளண்ணு கெடந்தாதானே கேப்பாவ? அதாக்கும், ஒங்க சட்டை எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தச்சேன்."

நான் போட்டிருந்த சட்டையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே புதுத் தையல், நெருக்கமாக, நேராக ஓடியது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி. ஒரு தடவை பிடித்தது போதாமல் இரண்டாவது தடவையும் பிடித்திருக்கிறாள். எத்தனை நாள் நான் கடைக்குப் போன பிறகு மிஷினில் உட்கார்ந்து, என் சட்டையை என் நோய்க்குத் தகுந்தபடி அவள் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "நல்லாத் தச்சிருக்க," என்று மட்டும் சொன்னேன். அவள் பையைத் திறந்து, கைக்குட்டையை எடுத்து, என் மோவாயில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

படுத்தேன். வயிற்றில் குளிர்ந்த பசையை ஊற்றினார்கள். ஸ்கேன் எடுக்கிற டாக்டர் இன்னொருவர், வயதானவர். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கருவியை வைத்து அழுத்தி, இழுத்து, திரும்பவும் அதே இடத்துக்கு வந்து அழுத்தினார். திரையின் பின்பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே அவருடைய புருவத்தைப் படித்தேன். வலப்பக்கம் விலாவுக்குக் கீழே கருவி ரொம்ப நேரம் நின்றது. புருவம் சுருங்கியது. நர்சிடம் ஏதோ எண் சொன்னார். அவள் டைப் அடித்தாள். "ஸ்வாசம் எடுத்து பிடிச்சோ," என்றார். பிடித்தேன். விடு என்று சொல்ல மறந்துவிட்டாரோ என்னவோ, நான் பிடித்துக்கொண்டே கிடந்தேன். அந்த மூச்சில் நான் செய்யாத ஜெபம் இல்லை. கன்வென்ஷன் போர்டுகளுக்கு இனி பாதிக் கூலி என்று நேர்ந்துகொண்டேன். டீக்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். வெளியே நிற்கிறவளுக்கு எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஜோக்காகச் சொல்ல ஒரு வழியும் கிடைக்கவில்லை.

"விட்டோ, விட்டோ," என்றாள் நர்ஸ். "சேட்டன் நீலிச்சுப் போயல்லோ." முகம் நீலமாகிவிட்டதாம்.

அரை மணிநேரத்தில் ரிப்போர்ட் வந்தது. சின்ன வயது டாக்டர் அதை எங்கள் இரண்டு பேர் முன்னாலும் விரித்து, வரி வரியாகப் படித்துச் சொன்னார். கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு படிந்திருந்தது; விலாவுக்குக் கீழே கருவி நின்றது அதற்குத்தான். பித்தப்பை, கணையம், மண்ணீரல், இரண்டு சிறுநீரகம், எல்லாம் சரியாக இருந்தன. எங்கேயும் கட்டி இல்லை, நீர் இல்லை. என் டேப் கணக்கில் இடுப்பு மூன்றரை அங்குலம் குறைந்திருந்தது, எடை ஒரு கிலோ குறைந்திருந்தது, உள்ளே எதுவும் வளரவில்லை.